காலை ஷிப்டு எலெயாசருக்கு

பதிவேட்டில் நான் எழுதியது இவ்வளவுதான்:
மூன்று பத்துக்கு இரண்டாம் கம்ப்ரசரை நிறுத்தினேன்.
நான்கு மணிக்கு மறுபடி ஓட்டினேன்.
எடுவினா சிகுவாய், இரவு.

மீதி இந்தத் தாளில்.
படித்துவிட்டுக் கிழித்துப் போடு,
இல்லை வைத்துக்கொள். உன் இஷ்டம்.

கெயோனில் மழை. அது செய்தியல்ல.
தகரத்தில் விழும் மழையையும்
கூரைமேல் கண்டென்சர் தன் தலையில்
தானே ஊற்றிக்கொள்ளும் நீரையும்
பிரித்துக் கேட்க எனக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது.
உள்ளே பதினெட்டு டன் சால்மன்
தட்டுத் தட்டாக இறுகிக்கொண்டிருந்தது.

இரண்டரைக்கு மூன்றாம் அறையின் பனி உருகச்
சூடான வாயுவைத் திறந்தேன்.
தினமும் செய்கிறதுதான்.
சுருள்களுக்குள் குந்தியிருந்த அம்மோனியா
மொத்தமும் ஒரே ஓட்டமாய்க் கிளம்பியது,
மழைக்கு முன்னே மணியடித்துவிட்ட
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி,
வீட்டு வாசல் எவ்வளவு அகலம் என்று பாராமல்.

வீடு என்றால் அந்தப் பச்சைத் தொட்டி.
நாம் அதை அப்படிச் சொல்வதில்லை.
சீமாட்டி என்போம்.
படுத்த வாக்கில், வயிறு பெருத்து,
எது வந்தாலும் முதலில் உட்காரச் சொல்கிறவள்.
ஆவியும் துளியும் கைகோத்துப் பாய்ந்து வரும்.
அவள் வயிற்றில் இடம் அதிகம்; வேகம் தணியும்.
கனத்தது இறங்கும், கனமற்றது எழும்.
வடிகட்டி கிடையாது, அதட்டல் கிடையாது.
கொஞ்சம் இடம், கொஞ்சம் நேரம்,
தாமே விலகிக்கொள்ளும்.
(என் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அது வேறு கதை.)

எழுந்தது கம்ப்ரசருக்கு.
அதற்கு மூச்சிழுக்கத் தெரியும், விழுங்கத் தெரியாது.
ஒரு வாய் திரவம் போனால் இரும்புக்குப் புரையேறும்.
உச்சந்தலையில் தட்டிக் காப்பாற்ற முடியாது.
சோன்ச்சி ஆலையில் பிஸ்டன் தண்டு
உறையைக் கிழித்து வெளியே வந்த படத்தை
உன் போனில்தான் பார்த்தோம்.
நீ காபியைக் கீழே வைத்தாய்.

அவளுக்குப் பக்கத்தில் ஒல்லியாய் ஒரு குழாய்,
போர்வை இல்லாமல், செங்குத்தாக.
உள்ளே திரவம் எவ்வளவோ
அவ்வளவு உயரம் வெளியே வெண்பனி.
மூன்று மணிக்கு என் இடுப்பளவு.
ஐந்து நிமிடத்தில் மார்பளவு.
மேல் மிதவை கத்தியிருக்க வேண்டும்.
கத்தவில்லை.
கழுத்து.
கம்ப்ரசரின் குரல் தடித்தது,
வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு
பேசுகிறவன் போல.
பொத்தானை அறைந்தேன்.

பார்ரியா தொலைபேசியில் கத்தினார்:
மீன் இளகினால் யார் சம்பளத்தில் கழிப்பது?
குளிர் எங்கும் போகவில்லை ஐயா,
அளவுக்கு மேல் வீட்டுக்கு வந்திருக்கிறது என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
உபரியை மாற்றுப் பம்பு பெரிய சேமிப்புத் தொட்டிக்கு
ஏற்றி முடிக்கும்வரை கைவிளக்கோடு நின்றேன்.
பனிக்கோடு விரல் விரலாக இறங்கியது.
இறங்குவதற்கு மட்டும் ஏன் அவ்வளவு நேரம்!

பிறகு மிதவையின் பெட்டியைத் திறந்தேன்.
இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு செப்புக் கம்பி,
மேலே நீல நாடா.
உன் சைக்கிள் கைப்பிடியில் சுற்றியிருக்கிற அதே நீலம்.

செவ்வாய்க்கிழமை அது மூன்று முறை பொய்யாகக் கத்தியதும்
பார்ரியா உன்னைப் பார்த்த பார்வையும்
எனக்குத் தெரியும்.
எனக்கும் ஒருநாள் கை பரபரத்திருக்கிறது.

கம்பியைக் கழற்றிவிட்டேன்.
மிதவையைச் சோதித்தேன். கத்துகிறது, காது பிளக்க.
பதிவேட்டில் உன் பெயர் இல்லை.
என் கையெழுத்துக்குக் கீழே
ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன்.
பேனா கயிற்றில் தொங்குகிறது.

பின்குறிப்பு:
சீமாட்டியின் அடியில் எண்ணெய் சேர்ந்திருக்கிறது.
அது அம்மோனியாவோடு கலக்காமல்
பேசாமல் கீழே போய்ப் படிந்துவிடும், தெரியுமல்லவா.
வெள்ளிக்கிழமை வடிக்க வேண்டும்.
தனியாகச் செய்யாதே.
என்னைக் கூப்பிடு, முகமூடியோடு வருகிறேன்.